உள்ளே விட்ட துணி

2011-இல் ஒரு காலை அப்பா மயூர் விஹாரிலிருந்து போன் செய்தார். "ஏம்மா, ஜேம்ஸ் பாண்ட் நம்ம சரோஜினி நகருக்கு வரானாமே?"

"எதுக்குப்பா, பேன்ட் எடுக்கவா?"

"ஷூட்டிங்காம். பேப்பர்ல போட்டிருக்கான். திங்கக்கிழமைதான் மார்க்கெட் லீவு. அன்னிக்குத்தான் எடுப்பாங்களா இருக்கும்."

முப்பத்துநாலு வருஷம் மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்தவர் அப்பா. எந்தச் செய்தியைக் கேட்டாலும் அது எந்தக் கிழமையில் வருகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார். மற்றதெல்லாம் அப்புறம்.

செய்தி உண்மைதான். 'ஸ்கைஃபால்' படத்தின் சில பகுதிகளை இந்தியாவில் எடுக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். தில்லியில் சரோஜினி நகர், தரியாகஞ்ச், அன்சாரி ரோடு. ரயில் காட்சிகளுக்குக் கொங்கண் ரயில்பாதை. பாதையை மூடித் தருவதில் இழுபறி நடந்தது. ரயில் கூரைமேல் ஜனங்கள் பயணம் செய்வதுபோலக் காட்டக் கூடாது என்று ரயில்வே நிபந்தனை போட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. கடைசியில் அனுமதி கிடைத்தது. ஆனால் படக்குழு வரவில்லை, துருக்கிக்குப் போய்விட்டது. இஸ்தான்புல்லின் கிராண்ட் பஜார் கூரைகள்மேல் மோட்டார் சைக்கிள் ஓடியது. அதனா பக்கம் வர்தா பாலத்தில் ரயில் போக, சண்டை நடந்தது. கூரைமேல்தான்.

2012 நவம்பரில் படம் வந்ததும் அப்பாவோடு போய்ப் பார்த்தேன். முதல் பத்து நிமிஷத்தில் சந்தைக் கடைகள் சரிகின்றன, பழங்கள் தெருவில் உருளுகின்றன. எனக்கு அந்தத் தெருவுக்கு மேலேயே இன்னொரு தெரு தெரிந்துகொண்டிருந்தது. தரையில் விரித்த பிளாஸ்டிக் ஷீட், அதில் குவித்த டாப்ஸ், மேலே ஏறி நின்று "ஸௌ ருப்யா, ஸௌ ருப்யா" என்று கத்தும் பையன். அப்பா காதோரம் சொன்னார்: "நம்ம ஆளுங்க கடைன்னா இப்படி விட்டிருப்பானா? வண்டியைப் பிடிச்சு நிறுத்தி, நஷ்டத்தை வாங்கிட்டுத்தான் அனுப்புவான்."

சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்தது. அப்பா 1962-இல் மாயவரத்திலிருந்து மெட்ராஸ் வந்து, ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்து தில்லிக்கு வேலைக்கு வந்தவர். சரோஜினி நகரை அப்போதும் சில பேர் பழைய பெயரில் வினய் நகர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இரண்டு மாடிக் கட்டடங்கள், முன்னால் ஒரு துண்டுப் புல்தரை, வேப்பமரம். பிள்ளையார் கோயிலுக்குப் போனால் பாதிக் கூட்டம் தமிழ் பேசும். அதே 1962 அக்டோபர் 5 அன்று லண்டனில் 'டாக்டர் நோ' வெளியானது. அப்பாவும் பாண்டும் ஒரே வருஷத்து ஆள் சேர்ப்பு. அப்பா 1996-இல் ஐம்பத்தெட்டு வயதில் ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்தார். பாண்ட் சர்வீஸில்தான் இருந்தான். "அவனுக்கென்ன, எக்ஸ்டென்ஷன் மேல எக்ஸ்டென்ஷன்" என்பார்.

அந்த எக்ஸ்டென்ஷன் எப்படிக் கிடைத்தது என்பதுதான் என் கேள்வி. 1962 முதல் 2021 வரை ஈயான் தயாரிப்பு நிறுவனம் எடுத்த பாண்ட் படங்கள் 25. ஆறு நடிகர்கள். இடையில் ஒரு வல்லரசு காணாமல் போய்விட்டது. பெண்கள் ஆபீசில் டைப்ரைட்டருக்கு முன்னாலிருந்து எழுந்து அதிகாரியின் நாற்காலிக்குப் போனார்கள். ஒற்றன் என்ற தொழிலே பாதி கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து ஒரே பெயர், ஒரே எண், ஒரே வாத்திய இசையோடு ஓர் ஆள் திரையில் நடந்துகொண்டே இருந்திருக்கிறான்.

எங்கள் மார்க்கெட்டில் மாஸ்டர்ஜி ஒருவர் இருந்தார். மரத்தடியில் ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், கழுத்தில் டேப். அண்ணனுக்கு ஸ்கூல் பேன்ட் தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் அம்மா உடைந்த இந்தியில் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்: வளர்கிற பிள்ளை, உள்ளே துணி விட்டுத் தையுங்கள். காலில் மூன்று விரற்கடை மடிப்பு, இடுப்பில் இரண்டு விரற்கடை. வருஷா வருஷம் ஜூலையில் மாஸ்டர்ஜி பிளேடால் தையலைப் பிரிப்பார். உள்ளேயிருந்து வெயில் படாத துணி வரும், அதன் நிறம் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். பழைய மடிப்புக் கோடு தெரியும். தெரிந்தால் என்ன, பேன்ட் இன்னொரு வருஷம் ஓடும். சில தையற்காரர்கள் கஞ்சத்தனமாகத் துணியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். அன்றைக்குக் கச்சிதமாகத்தான் இருக்கும். மறுவருஷம் அது பாத்திரக்காரனுக்குத்தான்.

பாண்டை எழுதிய இயான் ஃபிளெமிங் துணி விட்டுத் தைத்தவர். கதாநாயகனுக்குச் சப்பென்று ஒரு பெயர் வேண்டும் என்று தேடி, மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒருவரின் பெயரை எடுத்துக்கொண்டார். அப்பா அம்மா கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி சொந்த ஊர் கிடையாது, மேலிடத்து உத்தரவைத் தாண்டி ஓர் அரசியலும் கிடையாது. சூட், துப்பாக்கி, பெண் பித்து, சீட்டாட்டம் எல்லாம் மேல்துணிதான். உள்ளே மடித்துவைத்த இடம் நிறைய.

முதல் பிரிப்பு எதிரி விஷயத்தில் நடந்தது. ஃபிளெமிங்கின் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நாவலில் பாண்டைக் கொல்லத் திட்டமிடுவது சோவியத் உளவுப்பிரிவு. 1963-இல் அதைப் படமாக்கிய பிராக்கோலியும் சால்ட்ஸ்மனும் பழியை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத 'ஸ்பெக்டர்' என்ற கும்பலின் தலையில் கட்டினார்கள். பணத்துக்காகக் குற்றம் செய்யும் கும்பல். கென்னடியும் குருஷ்சேவும் ஒருவேளை நாளைக்குக் கைகுலுக்கிவிட்டால் படம் பழசாகிவிடுமே! குமாஸ்தா பாஷையில் சொன்னால், எதிரி என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டுவைத்தார்கள். பிறகு வேண்டியதை வேண்டியபோது நிரப்பிக்கொண்டார்கள். 1974-இல் எண்ணெய் விலை ஏறியபோது சூரிய சக்திக் கருவி. 1989-இல் போதை மருந்து வியாபாரி. 1997-இல் பத்திரிகை, டிவி முதலாளி. 2008-இல் தண்ணீரைப் பதுக்குபவன். 2015-இல் எல்லோரையும் வேவு பார்க்கும் கம்ப்யூட்டர் வலை, ஸ்னோடன் விவகாரம் வெடித்து இரண்டு வருஷம் கழித்து.

சில சமயம் பக்கத்துக் கடையைப் பார்த்துத் தைத்ததும் உண்டு. புரூஸ் லீ அலை அடித்தபோது பாண்ட் கராத்தே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். 1977-இல் வந்த படத்தின் கடைசியில், அடுத்த படம் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' என்று கார்டு போட்டார்கள். அதே வருஷம் 'ஸ்டார் வார்ஸ்' வந்து கல்லாவை நிரப்பியது. கார்டை மறந்துவிட்டு 1979-இல் பாண்டை விண்வெளிக்கு அனுப்பினார்கள். அந்த 'மூன்ரேக்கர்' எனக்குப் பிடிக்காது. அண்ணனுக்கு உயிர். இந்த வயதிலும் அதைச் சொல்லிச் சண்டை போடுகிறோம்.

எங்கள் வீட்டில் பாண்ட் நுழைந்தது சஃபாரி சூட் வழியாக. எழுபதுகளின் கடைசியில் அரசு ஊழியர்கள் ஒரு நாள் பாக்கியில்லாமல் சஃபாரி சூட்டுக்கு மாறியதை தில்லியில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்பாவுடையது காப்பிப்பொடி நிறம், நாலு பாக்கெட், ஒன்றில் பேனா, ஒன்றில் டி.டி.சி. பஸ் பாஸ். பக்கத்து பிளாக்கில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் வி.சி.ஆர். வாடகைக்கு எடுத்த இரவு ஒன்றில், இருபது பேர் தரையில் உட்கார்ந்து 'ஆக்டோபுசி' பார்த்தோம். 1983-இன் படம். ரோஜர் மூர் உதய்ப்பூர் பக்கத்துக் காட்டில் சஃபாரி உடையில் ஓடுகிறார். "அது நம்ம டிரஸ்ஸுதானே?" என்றார் அப்பா. கூட்டமே திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தது. மறுநாள் முழுக்க எதிர்வீட்டு மாமா அவரை "மிஸ்டர் பாண்ட்" என்றே கூப்பிட்டார்.

அந்தப் படத்தில் பாண்டுக்கு உதவும் உள்ளூர் ஆள் நம் சென்னை விஜய் அமிர்தராஜ். பாத்திரத்தின் பெயரும் விஜய். ஆட்டோ ஓட்டுகிறார், துரத்துகிறவர்களை டென்னிஸ் மட்டையால் விளாசுகிறார், பாதிப் படத்தில் செத்துப்போகிறார். நாங்கள் கை தட்டினோம். பாம்பாட்டி, ஆணிப் படுக்கை, நெருப்பு மிதிப்பவர் எல்லாரும் வருகிறார்கள். உதய்ப்பூருக்குப் போகிற வழியில் தாஜ்மகாலும் ஒரு தடவை தலைகாட்டுகிறது. சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தை இந்திய ஆளிடம் கொடுத்து, சில வாரக் குழம்புச் செலவுக்கு ஆகும் என்கிற தொனியில் பாண்ட் ஒரு ஜோக் அடிப்பான். அன்று நாங்கள் அதற்கும் சிரித்தோம். இப்போது அந்த இடம் வந்தால் ரிமோட்டைத் தேடுகிறேன். 2011-இல் சரோஜினி நகர் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்த பயமும் அதுதான். மறுபடி பாம்பாட்டியைக் கூட்டிவருவார்களோ? எங்கள் மார்க்கெட்டில் பாம்பைவிட ஆபத்தானது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஹேண்ட்பேக்கைத் திறந்துபோட்டு நடப்பது.

1989-க்குப் பிறகு ஆறு வருஷம் பாண்ட் படமே இல்லை. கம்பெனிகளுக்கிடையே வழக்கு. அந்த இடைவெளியில் பெர்லின் சுவர் போனது, சோவியத் யூனியனே போனது. பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறைக்கு 1992-இல் ஸ்டெல்லா ரிமிங்டன் என்ற பெண் தலைவரானார். 1995-இல் 'கோல்டன் ஐ' வந்தபோது பாண்டின் மேலதிகாரி 'எம்' நாற்காலியில் ஜூடி டென்ச் உட்கார்ந்திருந்தார். முதல் சந்திப்பிலேயே அவனைப் பனிப்போரின் மிச்சம், பெண்களை மதிக்கத் தெரியாத டைனோசர் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். கெட்டிக்காரத்தனமான தையல் அது. வெளியே விமர்சகர்கள் சொல்லிக்கொண்டிருந்ததைப் படமே தன் வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் யார் என்ன சொல்வது? 1962-இல் வாயில் சிகரெட்டோடு அறிமுகமானவன், 1997-இல் புகைபிடிக்கும் காவலாளியை அடித்து வீழ்த்தி, கெட்ட பழக்கம் என்று புத்தி சொல்கிறான். அப்பா சார்மினார் சிகரெட்டை விட்டது அதற்கு எட்டு வருஷம் முன்னால். அதில் அவருக்கு இன்னும் பெருமை.

துணி தீர்ந்துபோன இடமும் உண்டு. 2002-இல் பாண்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத கார் கொடுத்தார்கள். நியூயார்க் கோபுரங்கள் விழுந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதே 2002-இல் 'பார்ன் ஐடென்டிட்டி' வந்து, அடிபட்டால் வலிக்கிற ஒற்றனைக் காட்டியது. அதற்கப்புறம் மாயக் காரை யார் நம்புவார்கள்? தயாரிப்பாளர்கள் மொத்தத் தையலையும் பிரித்தார்கள். 2006-இன் 'கசினோ ராயல்' ஃபிளெமிங்கின் முதல் நாவலிலிருந்து ஆரம்பிக்கிறது. பாண்ட் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். வில்லன் தீவிரவாதிகளின் பணத்தைப் பங்குச்சந்தையில் புரட்டுகிறவன். நாவலில் இருந்த பக்கராட் சீட்டாட்டம் போய், டிவியில் எல்லோரும் பார்த்துப் பழகிய போக்கர் வந்தது. 1962-இல் அர்சுலா ஆண்ட்ரெஸ் கடலிலிருந்து எழுந்து வந்தது எல்லோருக்கும் தெரியும். இந்தத் தடவை நீச்சல் டிரவுசரில் கடலிலிருந்து எழுந்து வந்தவன் பாண்ட். அந்தக் காட்சியில் தியேட்டரில் பெண்கள் விசிலடித்ததை நானே கேட்டேன். விசிலடித்த வரிசை எங்கள் வரிசைதான்.

நான் பாண்டைப் பார்க்கும் விதம் மட்டும் அதற்கு முந்தின வருஷமே மாறிவிட்டிருந்தது. 2005 அக்டோபர் 29, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. தில்லியில் மூன்று இடங்களில் குண்டு வெடித்தது: பஹாட்கஞ்ச், கோவிந்த்புரியில் ஒரு பஸ், சரோஜினி நகர் மார்க்கெட். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் எங்கள் மார்க்கெட்டில். துணியும் பட்டாசும் இனிப்பும் வாங்க வந்த ஜனம். 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் குண்டின் கடிகாரம் 007 என்று காட்டும்போது நின்றுவிடும். 1964-இல் உலகமே அதற்குச் சிரித்துக் கை தட்டியது. சரோஜினி நகரில் எந்தக் கடிகாரமும் நிற்கவில்லை. கோவிந்த்புரி பஸ்ஸில் சந்தேகத்துக்கிடமான பையைக் கண்டதும் ஓட்டுநர் பயணிகளை இறக்கிவிட்டு அதைத் தன் கையால் அப்புறப்படுத்தப் போனார். உயிர் பிழைத்தார், பார்வை போய்விட்டது. படத்தில் வரும் வேலையை நிஜத்தில் செய்தவர் காக்கிச் சட்டை போட்ட டி.டி.சி. டிரைவர். பல மாதங்கள் நான் எந்த ஒற்றர் படமும் பார்க்கவில்லை. மாஸ்டர்ஜி அன்று கடை போட்டிருந்தாரா என்று அம்மா ஆள்விட்டு விசாரித்தாள். போட்டிருந்தார், டீ குடிக்கப் போயிருந்தாராம்.

'ஸ்கைஃபால்' அந்தக் காலத்துக்குச் சொந்தமான படம். அதில் லண்டனில் உளவுத்துறைக் கட்டடமே வெடிக்கிறது, அதுவும் கம்ப்யூட்டர் வழியாக. தளவாடங்கள் தரும் 'க்யூ' முன்பெல்லாம் தாத்தா. இதில் முகத்தில் பரு மாறாத பையன். தேசிய ஓவியக்கூடத்தில், பழைய போர்க்கப்பலை உடைக்க இழுத்துப்போகும் டர்னரின் ஓவியத்துக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரு துப்பாக்கி, ஒரு ரேடியோ, அவ்வளவுதான் கொடுக்கிறான். எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் வந்த புதிதில் இருபத்துநாலு வயதுப் பையன் ஒருவன் எனக்குப் பாஸ்வேர்டு என்றால் என்ன என்று விளக்கிய முகபாவம் அப்படியே இருந்தது.

ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல். இஸ்தான்புல்லில் நடக்கும் அந்தத் தொடக்கக் காட்சியில் துப்பாக்கியோடு கூட வருபவள் ஈவ் என்ற கறுப்பினப் பெண். ரயில் கூரையில் சண்டை போடும் பாண்டைத் தவறிச் சுட்டுவிடுகிறாள். படத்தின் முடிவில், களவேலை தனக்கு ஒத்துவரவில்லை என்று மேஜை வேலைக்கு மாறிக்கொள்கிறாள். அப்போதுதான் அவள் முழுப் பெயர் தெரிகிறது: மணிப்பென்னி. ஐம்பது வருஷமாக அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் அதே காரியதரிசி. 2021-இன் 'நோ டைம் டு டை'யில் 007 என்ற எண்ணையே நோமி என்ற பெண்ணுக்குக் கொடுத்தார்கள். பாதிப் படம் தாண்டியதும் அவளே அதைப் பாண்டுக்குத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாள். இரண்டு தடவையும் ஒரு கையால் தையலைப் பிரித்து, மறு கையால் பிடித்துத் தைத்துவிட்டார்கள்.

நம் ஊரிலும் அவனுக்கு ஆல்டரேஷன் நடந்தது. 2015-இல் 'ஸ்பெக்டர்' படம் இந்தியாவுக்கு வந்தபோது தணிக்கைக் குழு முத்தங்களின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தது. கொலைகள் முழு நீளத்தில் இருந்தன. சம்ஸ்காரி, அதாவது ஒழுக்கசீல, ஜேம்ஸ் பாண்ட் என்று தில்லி முழுக்கக் கிண்டல்.

'நோ டைம் டு டை' கடைசியில் பாண்டைக் கொன்றேவிட்டது. தொட்டால் பரவும் விஷக்கிருமி போன்ற ஓர் ஆயுதம் பற்றிய கதை. எடுத்து முடித்து வைத்திருந்த படம், நிஜக் கிருமி உலகத்தை மூடியதால் ஒன்றரை வருஷம் பெட்டியில் இருந்தது. 2025 பிப்ரவரியில், தகப்பன் காலத்திலிருந்து பாண்டைத் தங்கள் கையில் வைத்திருந்த பிராக்கோலி குடும்பம் படைப்புப் பொறுப்பை அமேசானுக்கு விட்டுக்கொடுத்தது. அடுத்த படத்தை இயக்க டெனி வில்னவ் வந்திருக்கிறார். எனக்கு இதில் நம்பிக்கை பாதிதான். இத்தனை காலம் அந்தத் துணி கிழியாமல் இருந்ததற்குக் காரணம் ஒரே குடும்பத்தின் பிடிவாதம். பிற்காலத்தில் வருஷத்துக்கு ஒன்று என்று அவசரப்படாமல் நாலைந்து வருஷம்கூடக் காத்திருந்தார்கள். பெரிய கடைக்காரர்களுக்கு அந்தப் பொறுமை இருக்குமா?

தமிழில் இப்படி ஏன் ஒருவன் நிலைக்கவில்லை என்று அப்பாவிடம் கேட்கக் கூடாது. கேட்டால் ஜெய்சங்கர் என்று ஆரம்பித்துவிடுவார். "அவருக்கும் எனக்கும் ஒரே வயசு" என்பார். உண்மைதான், இருவரும் 1938. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' 1966-இல், 'சி.ஐ.டி. சங்கர்' 1970-இல். தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று பட்டம். எம்.ஜி.ஆருக்கு 1968-இல் 'ரகசிய போலீஸ் 115'. தெலுங்கில் கிருஷ்ணாவின் 'கூடாச்சாரி 116'. கன்னடத்தில் ராஜ்குமார் சி.ஐ.டி. 999 ஆக 1968 முதல் 1978 வரை நாலு படம் நடித்தார். தொடர் என்று சொல்லக்கூடியது அது. எண்கள் ஏறிக்கொண்டே போனதே தவிர, தமிழில் ஒரே ஆளை வைத்து நீட்டிக்கொண்டு போக யாரும் நினைக்கவில்லை. ஜெய்சங்கரை வெள்ளிக்கிழமை நாயகன் என்றார்கள், அத்தனை படம். வாரா வாரம் புதுத் துணி கிடைக்கும்போது பழையதைப் பிரித்துத் தைக்க யாருக்கு நேரம்? தவிர, நம் ஒற்றன் எப்போதும் அந்த நட்சத்திரத்தின் உடம்புக்கு அளவெடுத்தவன். ஜெய்சங்கரின் சி.ஐ.டி.யை இன்னொருவர் போட்டுக்கொள்ள முடியாது.

அதனால்தான் 'விக்ரம்' விஷயம் எனக்கு ஆச்சரியம். 1986-இல் வந்த முதல் 'விக்ரம்' சுஜாதாவின் கதை, குமுதத்தில் தொடராகவும் வந்தது. களவுபோன அக்னிபுத்ரா என்ற ஏவுகணை, சலாமியா என்ற கற்பனை ராஜ்ஜியம், அதற்கென்று ஒரு கற்பனை மொழி, ஒரு கம்ப்யூட்டர் பெண், வில்லன் சத்யராஜ். நிஜமான அக்னி ஏவுகணை முதன்முதலாகப் பறந்தது 1989 மே மாதம். சுஜாதா மூன்று வருஷம் முந்திக்கொண்டார். வி.சி.ஆரில் அதைப் பார்த்த இரவு எங்கள் வீட்டில் ஏகப்பட்ட எதிர்பார்ப்பு. அப்பா இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார். படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. ஆனால் அந்த ஒற்றனுக்கு உள்ளே ஏகத்துக்குத் துணி விட்டிருந்தது. மனைவியைப் பறிகொடுத்தவன், கோபக்காரன், அதற்கு மேல் அவனைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. முப்பத்தாறு வருஷம் அப்படியே அலமாரியில் கிடந்தது.

2022 ஜூனில் லோகேஷ் கனகராஜ் அதைப் பிரித்தார். அதே கமல், அதே பெயர், இளையராஜாவின் பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டு. ஏவுகணைக்குப் பதில் போதைப்பொருள், சலாமியாவுக்குப் பதில் சென்னையின் சந்துகள். முன்பு உலகத்தைக் காப்பாற்றியவன் இப்போது பேரனைக் காப்பாற்றுகிறான். பாண்டுக்கு நடிகர்களை மாற்றி வயதை மறைத்தார்கள். இங்கே நடிகரின் வயதையே கதையாக்கினார்கள். மடிப்புக் கோட்டை மறைக்காமல் வெளியே காட்டுகிற தையல். எனக்கு இது பாண்டின் தந்திரத்தைவிடப் பிடித்திருந்தது. ஒற்றன் மனைவி கொல்லப்படுவதும் அவன் கோபத்துக்கு அது காரணமாவதும் 1986-இலிருந்து அப்படியே இடம்பெயர்ந்து வந்திருப்பது மட்டும் உறுத்தியது.

அந்தப் படத்துக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். எண்பத்துநாலு வயது, கையில் குச்சி. போகிற வழியில் சரோஜினி நகர் வழியாகக் காரை விடச் சொன்னார். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை இடிபட்டு, தகரத் தடுப்புக்குப் பின்னால் கிரேன்கள் நின்றன. மார்க்கெட் மட்டும் அதே இரைச்சல். "மாஸ்டர்ஜி உட்கார்ற மரம் இருக்கா பாரு" என்றார். கார் நகர்ந்துவிட்டது, பார்க்க முடியவில்லை.

இந்தத் தடவை அவர் தூங்கவில்லை. விக்ரமின் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரப் பெண், அடியாட்கள் நுழைந்ததும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பாய்கிறாளே, ஏஜென்ட் டீனா, அந்தக் காட்சியில் தியேட்டரே எழுந்து நின்றது. அவளும் விக்ரமின் பழைய ரகசியக் குழுவில் ஒருத்தி என்று அப்போதுதான் தெரிகிறது. சத்தம் அடங்கியதும் அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மா, இவ பழைய படத்துல எங்க இருந்தா?"

"அதுல இல்லப்பா. இப்பத்தான் சேர்த்திருக்காங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சர்வீஸ் ரெகார்டுல பேரை விட்டுட்டான்போல" என்றார். "பென்ஷன் வந்திருக்காது. அதான் பாவம், வீட்டு வேலைக்கு வந்திருக்கா."